எக்கார்ட் தீலனின் தலைச்சாய்வு

உங்கள் மூக்குக்கண்ணாடி இடது காதுப் பக்கம் சற்று இறங்கியிருக்கிறது, ஐயா. காம்பைக் கொஞ்சம் சூடாக்கி வளைத்தால் சரியாகிவிடும், இரண்டு நிமிட வேலை. இருபத்தாறு வருடமாக ஆல்ட்ஷைட் சந்தைத் திடலில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். எதிரில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் என் கண்ணில் முதலில் படுவது அதுதான். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெயர் லாம்பெர்ட் கெஸ்ஸல். வயது ஐம்பத்திரண்டு. திருமணம் செய்துகொள்ளவில்லை. எக்கார்ட் தீலன் என் தங்கை ரோஸ்விதாவின் கணவன். அவன் பெயரில் உள்ள ரசிகர் சங்கத்தை ஆரம்பித்தவனும் இன்றுவரை அதன் தலைவனும் நான்தான். என் தங்கை உங்களிடம் ஓர் உறையைக் கொடுத்திருக்கிறாள் என்று தெரியும். அது என்ன உறை, ஏன் என் மேசைக்குள் கிடந்தது என்று சொல்கிறேன். அதற்கு முன் எக்கார்ட் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த போலீஸ் அதிகாரி, எங்கள் மலைக்குப் புதியவர். பத்திரிகையில் படித்ததை வைத்து அவனைப் புரிந்துகொள்ள முடியாது.

எக்கார்ட் கூரைக்குக் கல் ஓடு வேய்கிற வேலை செய்தவன். அவன் அப்பாவும் அதே வேலைதான். மழையில் நனைந்த ஓட்டின் மேல், மாதா கோயில் கோபுரத்தைச் சுற்றி, தெருவில் நடக்கிறவன் மாதிரி நடப்பான். அந்தக் கால்தான் பிறகு பந்தயக் காரின் பிரேக்கிலும் இருந்தது. ஓர் ஓட்டை வண்டியை வாங்கி, தானே பிரித்துப் பூட்டி, மலை ஏறும் பந்தயங்களில் ஓட்ட ஆரம்பித்தான். மூன்று வருடத்தில் எங்கள் ரிங்கில், அந்த நீளமான காட்டுப் பந்தயப் பாதையில், பெரிய கம்பெனிகளின் வண்டிகளுக்கு முன்னால் வந்தான்.

வேகமாக ஓட்டுகிறவர்கள் நாட்டில் பலர் இருந்தார்கள். ஜனங்கள் இவனை நேசித்ததற்குக் காரணம் வேறு. பந்தயத்தில் ஜெயித்துவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த உடையோடு, வறுத்த சாசேஜ் விற்கிற கடையில் வரிசையில் நிற்பான். யாராவது வழி விட்டால், "நீங்க எனக்கு முன்னாடியே வந்துட்டீங்க, நீங்களே வாங்குங்க" என்பான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் ஜெயித்துக்கொண்டிருந்த பந்தயத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, எரிகிற வண்டிக்குள்ளிருந்து ஓர் இத்தாலியனை இழுத்துப் போட்டான். பிறகு நிதானமாக ஓட்டிப் பதினொன்றாவதாக வந்து சேர்ந்தான். அந்தப் பதினொன்றாவது இடத்துக்கு வந்த கடிதங்கள் எந்த முதலிடத்துக்கும் வரவில்லை.

அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதியது நான்.

அதில் தவறில்லை. எக்கார்டுக்கு எழுத வராது. ஒரு வாழ்த்து அட்டை எழுத அரை நாள் எடுத்துக்கொள்வான். நான் எழுதினேன், அவன் பெயரில், அவன் கையெழுத்தில். அவன் கையெழுத்தை அவனைவிட நன்றாகப் போடுவேன். சங்கத்தின் மாதப் பத்திரிகையில் 'ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து' என்று ஒரு பக்கம் வரும். அதையும் நான்தான் எழுதினேன். ஹாம்பர்க்கிலிருந்து ஒரு செவிலி எழுதியிருந்தாள்: அம்மா இறந்த வாரம் உங்கள் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன், நீங்கள் மட்டும்தான் என்னைப் புரிந்துகொண்டது போல இருந்தது என்று. அதை எக்கார்டிடம் காட்டினேன். சிரித்தான். "அவ புரிஞ்சுக்கிட்டது உன்ன மச்சான், என்ன இல்ல" என்றான்.

விடுதியின் பின்னறையில் பதினொரு பேரோடு ஆரம்பித்த சங்கம் எழுபதில் மூவாயிரம் பேராகியிருந்தது. பந்தய நாளில் எங்களுக்கென்று தனி ரயில் விட்டார்கள். அந்தப் பதினொரு பேரில் ஒருவர் அலோயிஸ் ஹிர்ட்ஸ். பள்ளிக்கூடத்தில் காவலாளி. ரிங்கில் கொடிக்காரர். 'நரி வளைவு' என்று நாங்கள் சொல்கிற நீளமான இடது வளைவில் பதினைந்து வருடம் ஓட்டுநர்களை எச்சரிக்கிற மஞ்சள் கொடியோடு நின்றவர். அவரைப் பற்றியும் நீங்கள் கேட்பீர்கள்.

எழுபத்தொன்று செப்டம்பரில் எக்கார்டின் வண்டி ஈரத்தில் சுழன்று மரத்தில் மோதியது. எலும்பு எதுவும் முறியவில்லை. தலையில்தான் அடி. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். தபால்காரர் என் கடைக்கு ஏழு மூட்டை கடிதம் கொண்டுவந்து போட்டார். ஏழாவது மூட்டையை இறக்கிவிட்டு, "கெஸ்ஸல், இவன் செத்திருந்தா நான் வேலைய விட்டிருக்கணும்" என்றார்.

வீடு திரும்பிய எக்கார்டிடம் ஒரு மாற்றம் இருந்தது. தலையை இடது தோள் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டே இருந்தான். பேசும்போதும், சாப்பிடும்போதும், வண்டி ஓட்டும்போதும். யாரோ சொல்வதைக் கூர்ந்து கேட்கிறவன் மாதிரி இருக்கும். வசந்தத்தில் முதல் பந்தயம் ஓட்டினான், மூன்றாவதாக வந்தான். மேடையில் தலையைச் சாய்த்தபடி நின்ற அந்தப் புகைப்படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஒரு நிருபர், 'விதியிடம் காது கொடுத்துக் கேட்கிற மனிதன்' என்று எழுதினான். ஒரு மாதத்துக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் தலையைச் சாய்த்துக்கொண்டு சைக்கிள் ஓட்டினார்கள். நான் சங்கத்துக்குப் புது பேட்ஜ் செய்தேன். பெயர் கூட இல்லை. சாய்ந்த தலையின் நிழலுரு, அவ்வளவுதான். நாட்டில் யார் பார்த்தாலும் அது எக்கார்ட் தீலன் என்று சொல்வார்கள்.

அந்தச் சாய்வு என்னவென்று பார்த்த முதல் நாளே எனக்குத் தெரியும்.

தலையில் அடிபட்டவர்களுக்கு வரும். கண்ணைக் கீழ்ப்பக்கம் திருப்புகிற சின்ன நரம்பு ஒன்று இருக்கிறது, மெல்லியது, அது நசுங்கிவிடும். அதன் பிறகு இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்காது. ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், ஒன்று மேலே, ஒன்று கீழே. தலையை ஒரு தோள் பக்கம் சாய்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மறுபக்கம் சாய்ந்தால் இரண்டும் இன்னும் விலகும். அதனால் அவர்களே அறியாமல் தலை சாய்ந்துகொள்ளும். எக்கார்டுக்கு வலது கண்.

நான் வாயைத் திறக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை அவன் கேட்டான். மதியச் சாப்பாட்டுக்குக் கடையை மூடியிருந்தேன். பின் வாசல் வழியாக வந்தான். நோயாளிகளை உட்காரவைக்கிற நாற்காலியில் தானாகவே போய் உட்கார்ந்துகொண்டான்.

"மச்சான், ரோட்டுல ஒண்ணு தெரியுது."

"என்ன தெரியுது?"

"இன்னொரு ரோடு."

நான் விளக்கை அணைத்தேன். அவன் வலது கண்ணுக்கு முன் சிவப்புக் கண்ணாடியைப் பிடித்து, எதிர்ச் சுவரில் ஒரே ஒரு சின்ன வெளிச்சத்தைக் காட்டினேன். தலையை நேராக வைக்கச் சொன்னேன்.

"எத்தனை வெளிச்சம் தெரியுது?"

"ரெண்டு. வெள்ளை மேல. சிவப்பு கீழ."

"எவ்வளவு கீழ?"

"ஒரு விரக்கடை."

வெளிச்சத்தை அவனுக்கு இடது பக்கமாக நகர்த்தினேன்.

"இப்ப?"

"ஒரு கை அகலம் இருக்கு. சிவப்பு கொஞ்சம் சாஞ்சு இருக்கு, மச்சான். நேரா இல்ல."

பந்தயத்தில் வலது வளைவில் பிரச்சினை இல்லை என்றான். வண்டி தள்ளுகிற வேகத்தில் தலை தானாக இடது பக்கம் சாய்ந்துகொள்கிறது. இடது வளைவில் தலை வலது பக்கம் தள்ளப்படுகிறது. அப்போது ரோடு இரண்டாகிறது. எது நிஜம் என்று ஊகித்து ஓட்டுகிறான். இதுவரை ஊகம் தப்பவில்லை.

பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தையும் மாற்றாமல் சொல்கிறேன்.

"நான் டாக்டர் கிட்ட போகல. உன்கிட்ட வந்திருக்கேன். நீ சொன்னா எனக்குப் போதும். கண்ணுல கோளாறுன்னு சொல்லு, நாளைக்கே ஹெல்மெட்ட கழட்டி வெச்சுடறேன். எல்லார் முன்னாடியும் நிமிர்ந்து நின்னு சொல்லுவேன், கண்ணு போச்சு, அவ்வளவுதான்னு. ஆனா கண்ணுல ஒண்ணும் இல்லைன்னா இது பயம். அந்த மரத்துல மோதினதுலேர்ந்து பயந்து போயிட்டேன்னு அர்த்தம். பயம்னா நான் ஓட்டித்தான் ஆகணும், மச்சான். பயந்து நிறுத்தினவனா என்னால இந்த ஊர்ல ரொட்டி வாங்க முடியாது."

நான் சிவப்புக் கண்ணாடியை அதன் பெட்டிக்குள் வைத்தேன். யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்று கேட்டீர்கள். பெட்டியின் கொக்கியை மாட்டுகிற நேரம். அந்த நேரத்துக்குள் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கடை பார்த்தேன். காலையில் ஒரு கிழவர் வருவார், படிக்கிற கண்ணாடி வாங்குவார், போவார். என் முகம் அவருக்கு நினைவிருக்காது. எக்கார்டுக்கு முன்னால் என் நாட்கள் அப்படித்தான் போயின. ஏழு மூட்டை ஆறாகும், ஒன்றாகும், பிறகு தபால்காரர் கையை ஆட்டிவிட்டுக் கடந்து போவார். 'ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து' என்று எழுத ஸ்டியரிங் இருக்காது. இதை நான் எனக்காக நினைத்தேன் என்று எண்ண வேண்டாம். அந்தச் செவிலியை நினைத்தேன். அவளைப் போன்ற மூவாயிரம் பேரை நினைத்தேன்.

"கண்ணுல ஒண்ணும் இல்ல, எக்கார்ட்," என்றேன். "ரெண்டு கண்ணும் கழுகுக் கண்ணு."

"அப்ப அந்த ரெண்டு வெளிச்சம்?"

"அந்தச் சோதனையில எல்லாருக்கும் ரெண்டுதான் தெரியும். அதுக்குத்தான் அந்தச் சோதனை."

"அப்ப பயம்தான்," என்றான். ஏமாற்றத்தில் அவன் தோள்கள் கீழே இறங்கின. கெட்ட செய்தி வேண்டும் என்று வந்தவனுக்கு நல்ல செய்தி சொல்லி அனுப்பினேன்.

நான் அவனை அப்படியே விட்டுவிடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பந்தயத்தில் அவன் மாட்டுகிற பெரிய கண்ணாடிக்குப் புது வில்லை செய்து கொடுத்தேன். வலது பக்கத்து வில்லையை ஓர் ஓரம் தடித்தும் மறு ஓரம் மெலிந்தும் இருக்கும்படி நானே தேய்த்தேன். அதன் வழியாகப் பார்த்தால் நேர்ப் பார்வையில் இரண்டு ஒன்றாகும். வெயிலில் கண் கூசாமல் தடுக்கிற கண்ணாடி என்று சொல்லிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டுச் சந்தைத் திடலில் நின்று கோபுரத்தைப் பார்த்தான். "ஒண்ணுதான் இருக்கு மச்சான்," என்றான். அவன் கண்ணில் தண்ணீர். "பயம் போயிடுச்சு போல." என்னைக் கட்டிக்கொண்டான். இடது பக்கம் பார்க்கும்போது அந்த வில்லை போதாது என்பது எனக்குத் தெரியும். அங்கே எந்த வில்லையும் போதாது.

போட்டியாளர்களுக்குக் கண் சான்றிதழ் வேண்டும். அப்போதெல்லாம் பதிவு பெற்ற கண்ணாடிக் கடைக்காரர் கொடுத்தாலே ஏற்றுக்கொண்டார்கள். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். வலது கண் தனியாக, இடது கண் தனியாக. தனித்தனியாகப் பார்த்தால் எக்கார்டின் இரண்டு கண்ணும் குறையில்லாதவை. அதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எப்படி என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. நீங்கள் எத்தனை முறை படித்தாலும் அந்தத் தாளில் ஒரு பொய்யைக் காண முடியாது.

மே மாதம் ரோஸ்விதா கடைக்கு வந்தாள். கோட்டைக் கூடக் கழற்றவில்லை.

"அண்ணா, அவரு மாடிப்படியில பின்பக்கமா இறங்குறாரு. ஏணியில இறங்குற மாதிரி. நேத்து அப்பாவோட கூரையில ரெண்டு ஓடு மாத்த ஏறினாரு. பாதியிலேயே உக்காந்துட்டாரு. கூரை மேல பொறந்தவரு அண்ணா அவரு. நான் போய்க் கைய பிடிச்சு இறக்கி விட்டேன்."

"பயம்மா. நேரமானா சரியாயிடும்."

"பயம் இல்ல. எனக்கு அவரத் தெரியும். கொலோன்ல பெரிய கண்ணாஸ்பத்திரி இருக்காம். ஒரு தடவ காட்டிடலாம். நீ ஒரு கடிதாசி எழுதிக் குடு. நீ சொன்னாத்தான் போவாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. உன் பேச்சத்தான் கேப்பாரு."

"அவன் கிட்ட இத பேசாத, ரோஸ்விதா. நீயும் அவன சந்தேகப்பட்டா அவன் உடைஞ்சு போயிடுவான்."

அவள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெளியே ஒரு வாடிக்கையாளர் வந்து, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டார். அவள் எதிரிலேயே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். நல்ல கடிதம் அது. நோயின் பெயரைக் கூடச் சரியாக எழுதியிருந்தேன். உறையில் போட்டு, முகவரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டினேன். அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டுப் போனாள். இரண்டு வாரம் கழித்து, அக்டோபரில்தான் நாள் கொடுத்திருக்கிறார்கள், பந்தயக் காலம் முடிந்ததும் போகலாம் என்று சொன்னேன். அவள் அடுக்களைக் காலண்டரில் அக்டோபரை வட்டமிட்டு வைத்தாள்.

தபாலில் போடாத அந்த உறைதான் உங்கள் மேசையில் இருக்கிறது. ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்கிறீர்கள். எனக்கும் தெரியவில்லை. நான் எழுதியதை எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் எனக்கில்லை. சென்ற மாதம் சங்கத்தின் பழைய புகைப்படங்களைத் தேடி வந்த ரோஸ்விதா என் மேசைக்குள் அதைப் பார்த்துவிட்டாள். உறையைக் கைப்பைக்குள் வைத்தாள், கையுறையை மாட்டிக்கொண்டாள், போய்விட்டாள்.

இனி அலோயிஸ். ஜூலையில் விடுதியின் பின்னறையில் சங்கக் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் பீர் கோப்பையோடு முன்னறைக்குப் போன பிறகு, அலோயிஸ் என்னருகில் வந்து உட்கார்ந்தார். முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தார்.

"என்ன லாம்பெர்ட், உன் மாப்பிள்ள நம்ம வளைவுல மட்டும் பால்காரன் மாதிரி வர்றான்? பால் சிந்திடும்னு பாக்குறானா?"

"கவனமா ஓட்டுறான்."

"கவனமா?" கோப்பையை மேசையில் வைத்தார். "பதினஞ்சு வருஷமா அங்க நிக்கிறேன்யா. வர்றவன் கண்ணு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். முன்னெல்லாம் எக்கார்ட் என்னப் பாத்து ஒரு விரல தூக்குவான். இப்பவும் தூக்குறான். ஆனா எனக்கு ரெண்டு முழம் தள்ளி, அங்க யாரும் இல்லாத இடத்தப் பாத்துத் தூக்குறான். மேலிடத்துல சொல்லிடட்டுமா?"

"சொன்னா லைசென்ஸ பிடுங்கிடுவாங்க, அலோயிஸ். அப்புறம் உன்னாலதான் போச்சுன்னு ஊரே சொல்லும்."

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உனக்குத் தெரியும்ல, லாம்பெர்ட்? நீ கண்ணுக்காரன். சரியா இருக்குன்னு நீ சொன்னா சரி."

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப சரி," என்றார். என் தோளில் தட்டிவிட்டு எழுந்து போனார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன சொல் காக்கிறவர்.

எழுபத்திரண்டு ஆகஸ்ட் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு இருபது. ஒன்பதாவது சுற்று. எக்கார்ட் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். நான் நரி வளைவின் மேல் மேட்டில் சங்கத்தாரோடு நின்றிருந்தேன். நானூறு பேர், எல்லோரும் தலையைச் சாய்த்துக்கொண்டு. அது எங்கள் வணக்கமாகியிருந்தது. முதலில் போகிறவனைப் பிடிக்கவேண்டும் என்று மேடே கத்தியது. அவனுக்கு அது கேட்டிருக்க முடியாது. ஆனால் அவன் அந்தச் சுற்றில் வேகத்தைக் குறைக்கவில்லை.

வண்டி வளைவுக்குள் வந்தது. தலை வலது பக்கம் தள்ளப்படுவதை நான் பார்த்தேன். அதன் பிறகு ரோடு இடது பக்கம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. தடுமாறவும் இல்லை, பிரேக் போட்ட தடமும் இல்லை. நல்ல ரோட்டில் போகிறவன் போல, நிச்சயமாக, நேராகப் போனது. அங்கே கொடிக்காரரின் மரத்தடுப்பு இருந்தது. அலோயிஸ் கொடியை உயர்த்தியபடிதான் நின்றிருந்தார்.

அவர் உடனே இறந்துவிட்டார். டாக்டர் அப்படித்தான் சொன்னார்.

நான் மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கினேன். முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்தான். எக்கார்டை வெளியே எடுக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே வண்டி மூடியிருந்தது. நினைவு இருந்தது. என் முகத்தைத் தேடினான். நான் தலையை அவனுக்கு நேராகக் கொண்டுபோனேன்.

"மச்சான்."

"இருக்கேன்."

"நான் பயப்படல."

"தெரியும் எக்கார்ட்."

"சத்தியமா பயப்படல. ரெண்டு ரோடு இருந்துச்சு. நான் ஒண்ணு எடுத்தேன்." பிறகு, "யாரு மேலயாவது மோதிட்டேனா?" என்று கேட்டான்.

"இல்ல," என்றேன்.

அது நான் அவனிடம் சொன்ன கடைசிப் பொய். அதற்காக யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவன் நிம்மதியாகக் கண்ணை மூடினான், பிறகு திறக்கவில்லை. வெட்டுகிற கருவியோடு ஆட்கள் வருவதற்குள் அவன் கண்ணாடியைக் கழற்றி என் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வலது வில்லை உடையவே இல்லை. வீட்டில் அதைப் பொடியாக்கி ஆற்றில் போட்டுவிட்டு, சாதா வில்லையை மாட்டி வைத்தேன். விசாரணையில் 'ஓட்டுநரின் கணிப்புப் பிழை' என்று முடித்தார்கள்.

எக்கார்டின் அடக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று உங்கள் ஆட்களே எண்ணியிருப்பார்கள். ஆல்ட்ஷைட்டில் நாலாயிரம் பேர்தான் வாழ்கிறோம். அன்று இருபதாயிரத்துக்கு மேல். கடைகளில் ரொட்டி தீர்ந்துவிட்டது. சவப்பெட்டி கோயிலை விட்டு வெளியே வந்தபோது, யாரும் சொல்லாமலே, ஒருவர் பின் ஒருவராகத் தலையை இடது தோள் பக்கம் சாய்த்தார்கள். திடல் முழுக்க, தெரு முழுக்க, ஜன்னல்களில், மரங்களில். ரோஸ்விதா பெட்டிக்குப் பின்னால் வந்தாள். அவள் ஒருத்தியின் தலை மட்டும் நேராக இருந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்து அவள் அலறினாள், "சாய்க்காதீங்க, யாரும் சாய்க்காதீங்க" என்று. துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்தார்கள். நான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கணத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன்: நிறைவாக இருந்தது. இத்தனை அன்பை ஒரு மனிதன் மேல் நான் எங்கும் பார்த்ததில்லை.

அலோயிஸை மறுநாள் அடக்கம் செய்தார்கள். அறுபது பேர் வந்தார்கள். சங்கத்தின் சார்பில் மலர்வளையம் வைத்தேன். இலையுதிர் காலத்தில் அவர் மனைவி படிக்கிற கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தார். நான் வருத்தம் தெரிவித்தபோது, அவர்தான் என்னைத் தேற்றினார். "விடுங்க கெஸ்ஸல். அவருக்கு எக்கார்ட்னா உயிரு. அவனப் பாத்துக்கிட்டேதான் போயிருப்பாரு." நல்ல சட்டமாகப் பார்த்துக் கொடுத்து அனுப்பினேன்.

ஆக, ஐயா, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில். எக்கார்ட் தீலனின் கண் கெட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். அவன் நிறுத்த விரும்பினான். நிறுத்த அவனுக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அதை என்னிடம் கேட்டான், நான் கொடுக்கவில்லை. அவன் மனைவி கேட்டாள், கொடுக்கவில்லை. அலோயிஸ் ஹிர்ட்ஸ் கேட்டார், கொடுக்கவில்லை. இரண்டு பேர் இறந்தார்கள். அந்த இடது வளைவில் என்றாவது ஒருநாள் இது நடக்கும் என்பதும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. எந்த நாள் என்பதுதான் தெரியாது. கொலை என்று எழுதுவதானால் எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். அன்று ஏப்ரலில் அவனை நிறுத்தியிருந்தால், இன்று அவன் ரிங்குக்குப் போகிற வழியில் ஏதாவது பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டிருப்பான். வருகிறவர்கள் தொட்டியை நிரப்பிக்கொண்டு, இவனை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே போவார்கள். ரோஸ்விதா அதையே விரும்பியிருப்பாள், எனக்குத் தெரியும். அவள் அவனோடு வாழ்ந்தவள்தான், ஆனால் அவனுக்கு வந்த கடிதங்களை அவள் படித்ததில்லை. இன்று சங்கத்தில் ஒன்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த மாதப் பக்கத்தை நான் நிறுத்தவில்லை. இப்போது 'ஸ்டியரிங்குக்கு அப்பாலிருந்து' என்று பெயர். முன்னைவிட அதிகம் பேர் படிக்கிறார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்று வியாழன். ஞாயிற்றுக்கிழமை நரி வளைவில் அவனுக்கு நினைவுக்கல் திறக்கிறோம். நாடு முழுவதிலுமிருந்து வருகிறார்கள், தனி ரயில்கள் விடுகிறார்கள். திங்கட்கிழமை காலை நானே இங்கு வந்துவிடுகிறேன், துணிப்பெட்டியோடு. நான் எங்கும் ஓட மாட்டேன் என்று உங்களுக்கே தெரியும். எனக்காகக் கேட்கவில்லை, ஐயா. அங்கே எழுந்து நின்று பேச என்னை விட்டால் பாவம் எக்கார்டுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.